வரப்போடு நின்றுவிடும் கணக்கு

தண்டையார்பேட்டை தொடங்கி மணலி, திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் வட சென்னைத் தொழிற்பட்டையில் எந்தச் சரக்கும் அளவு பார்க்காமல் நகர்வதில்லை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளிலிருந்து கிளம்பும் டேங்கர் லாரியில் எத்தனை லிட்டர் ஏறியது என்பதை மீட்டர் காட்டுகிறது. அந்த மீட்டர் சரிதான் என்பதற்கு எடையளவு முத்திரை சாட்சி. லாரி எந்தச் சாலையில் போகிறது என்பதை அதிலுள்ள ஜி.பி.எஸ். கருவி சொல்லிவிடுகிறது. மணலியில் 1971-இல் உற்பத்தி தொடங்கிய மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலையின் யூரியா, மூட்டைக்கு 45 கிலோ என்று எடை போட்டுத் தைக்கப்படுகிறது. இத்தனை அளவும் காவலும் எதற்கு என்று இந்தப் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2013-இல் தண்டையார்பேட்டை திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. மண்ணுக்கடியில் ஓடிய குழாயின் கசிவு, குடிநீரில் தெரிந்த பிறகே வெளியே தெரிந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்துக்கு அருகே, வேறோர் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. கண்ணும் தொண்டையும் எரிய மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு நிகழ்வுகளும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயின. வேதிப்பொருள் அளவை மீறி ஓர் இடத்தில் சேர்ந்தால் யாராவது விலை கொடுக்கிறார்கள் என்பது இங்கே பட்டறிந்த பாடம்.

இந்தப் பட்டையில் உருவாகும் உரத்தின் பயணத்தில் கடைசிக் கட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே மட்டும் அளவி கிடையாது. 2018 மார்ச்சுக்குள் நாடு முழுவதும் மானிய உர விற்பனை பி.ஓ.எஸ். கருவிக்கு மாறியது. கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ தனியார் உரக்கடையிலோ ஆதார் எண்ணைத் தந்து விரல்ரேகை வைத்து மூட்டையை வாங்குகிறோம். விற்பனை பதிவான பிறகே நிறுவனத்துக்கு மானியம் போகிறது. மணலியில் தைத்த மூட்டை எந்த ஊர்க் கடையில், எந்த நாளில், யார் கைக்குப் போனது என்பது டெல்லிக்குத் தெரியும். அது எந்தப் பயிருக்குப் போனது, எந்த வயலின் எந்த மூலையில் எவ்வளவு விழுந்தது என்பது யாருக்கும் தெரியாது. பல வேளைகளில் இட்டவருக்கே தெரியாது. 2022-23-இல் மட்டும் உர மானியத்துக்கு ஒன்றிய அரசு செலவிட்டது சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். இவ்வளவு பெரிய தொகையின் கணக்கு வரப்பு வரை வந்து நின்றுவிடுகிறது. உரமும் மருந்தும் வயலில் விழும் கணத்திலேயே அதை அளந்து வரைபடத்தில் பதியும் மின்னணுக் கருவிகள் நம் வேளாண்மைக்கு இப்போதே தேவை என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். அந்தப் பதிவு உழவரின் உடைமையாக இருந்தால்தான் கருவி பயன் தரும் என்பது அதே வாதத்தின் மறுபாதி.

முதலில், வயலில் எவ்வளவு கசிகிறது என்று பார்ப்போம். வில்லியம் ரான், கோர்டன் ஜான்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1999-இல் உலகத் தானியப் பயிர்களுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள்: இடும் தழைச்சத்தில் மணியில் போய்ச் சேர்வது சுமார் 33 விழுக்காடுதான். மிச்சம் முழுவதும் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பங்கு வைக்கோலிலும் மண்ணிலும் தங்குகிறது. ஆனால் பெரும்பங்கு மூன்று வழிகளில் தப்பிப் போகிறது. தேங்கிய நெல்வயலில் யூரியாவைத் தூவினால், மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி அதை அம்மோனியமாக உடைக்கிறது. பகலில் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சும்போது நீரின் காரத்தன்மை ஏறுகிறது. அப்போது அம்மோனியம் வாயுவாகி மேலே போய்விடுகிறது. எண்ணூரில் மக்களைத் துரத்திய அதே அமோனியா, நெடியே தெரியாத அளவில் ஒவ்வொரு மேலுரத்துக்குப் பிறகும் வயலிலிருந்து எழுகிறது. இரண்டாவது வழி நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்குள் இறங்குவது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மூன்றாவது நைட்ரஸ் ஆக்சைடு. கரியமில வாயுவைப் போல 270 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து வயல்களில் ஏற்கெனவே கடல்நீர் ஊடுருவி நிலத்தடி நீர் கெட்டிருக்கிறது. அங்கே மழை கழுவும் சத்தில் ஒரு பங்கு ஆற்றோடு சேர்ந்து உப்பங்கழிகளைத்தான் அடையும். எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களுக்கு அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் தரும் தொல்லையோடு ஒப்பிட்டால் இந்தப் பங்கு சிறியதாக இருக்கலாம். ஆனால் மற்ற இரண்டுக்கும் யாரைக் கேட்பது என்று தெரியும். இதற்குக் கேட்க ஆள் இல்லை.

அளவு எப்படித் தவறுகிறது? அலட்சியம் என்று சொல்வது எளிது, அநியாயமும்கூட. ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்ற பொதுப் பரிந்துரையை எடுத்துக்கொண்டால் ஏக்கருக்குச் சுமார் 60 கிலோ. அதை அடியுரம், தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்காகப் பிரித்தால் தவணைக்கு 15 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. எனவே ஒரு தவணைக்குத் தேவை ஏறத்தாழ 33 கிலோ யூரியா. மூட்டையோ 45 கிலோ. பிரித்த மூட்டையை மழைக்காலத்தில் வீட்டில் வைத்தால் கசிந்து கட்டியாகிவிடும். ஆகவே முழு மூட்டையும் வயலில் போய்விடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல்! வயல் முக்கால் ஏக்கராக இருந்தால் தவறு இன்னும் பெரிது. பயிரின் பசி நிர்ணயிக்க வேண்டிய அளவைக் கோணி நிர்ணயிக்கிறது. கூடுதல் பசுமை கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். இலை மென்மையாகிப் புகையானும் குலைநோயும் வந்த பிறகு அதற்கு மருந்துச் செலவு தனி.

பொதுப் பரிந்துரையே எவ்வளவு சரி என்பது அடுத்த கேள்வி. 1990-களின் இறுதியில் ஆசியாவின் ஆறு நாடுகளில் 179 உழவர் வயல்களில் ஓர் ஆய்வு நடந்தது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய அந்த ஆய்வில் நம் ஆடுதுறை, தஞ்சாவூர் வட்டாரங்களும் இருந்தன. உரமே இடாவிட்டால் மண் தானாக எவ்வளவு சத்துக் கொடுக்கும் என்று வயல் வயலாக அளந்தபோது, அருகருகே இருக்கும் வயல்களுக்குள்ளேயே பெரிய வேறுபாடு தெரிந்தது. அந்தந்த வயலுக்கேற்ப உரத்தைத் திட்டமிட்டபோது விளைச்சல் சராசரியாக 7 விழுக்காடு உயர்ந்தது. இட்ட தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொண்ட பங்கும் கூடியது. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்று வகுத்தது. தமிழ்நாட்டில் சராசரிச் சாகுபடி நிலம், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர். மூன்று குடும்பங்களின் மண்ணுக்கு ஒரே சீட்டு. அந்தச் சீட்டைப் பார்த்துச் சரியாக இட்டவர் யார், இடாதவர் யார், விளைச்சலில் என்ன வித்தியாசம் வந்தது என்பதற்குப் பதிவு இல்லை. பதிவு இல்லாததால் சீட்டைத் திருத்தவும் வழியில்லை.

ஒரு தெளிப்பானுக்குள் நடப்பது

கருவி என்னதான் செய்கிறது? டிராக்டரின் பின்னால் 6 மீட்டர் அகலத்துக்கு முனைகள் வரிசையாகப் பொருத்திய தெளிப்பான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொட்டியிலிருந்து முனைகளுக்குப் போகும் குழாயில் கட்டைவிரல் பருமனில் ஓர் உணரி. அதற்குள் சிறு சக்கரம். சக்கரத்தில் காந்தத் துண்டு. திரவம் ஓட ஓடச் சக்கரம் சுழலும். காந்தம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் எதிரிலுள்ள சில்லில் ஒரு மின்துடிப்பு எழும். எட்வின் ஹால் 1879-இல் கண்டுபிடித்த விளைவுதான் இது. பரவலாகக் கிடைக்கும் ஒரு வகை உணரி லிட்டருக்குச் சுமார் 450 துடிப்புகள் தரும். நொடிக்கு 75 துடிப்பு வந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறது என்று பொருள். இன்னொரு சில்லு செயற்கைக்கோள்களைக் கேட்டு இடத்தையும் வேகத்தையும் சொல்கிறது. நிமிடத்துக்கான லிட்டரை 600-ஆல் பெருக்கி, கிலோமீட்டரில் வேகத்தையும் மீட்டரில் அகலத்தையும் பெருக்கிவந்த எண்ணால் வகுத்தால் ஹெக்டேருக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அது 200 லிட்டர். சேறான இடத்தில் வண்டி 4 கிலோமீட்டருக்குத் தளர்ந்தால் அதே நொடியில் 250 ஆகிவிடுகிறது. ஓட்டுநர் எதையும் மாற்றவில்லை. ஆனாலும் அந்தப் பகுதியில் கால் பங்கு மருந்து கூடுதல். கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தால் வால்வைச் சற்று மூடி அளவை மீட்கும். அதற்கும் எல்லை உண்டு: முனையில் ஓட்டத்தை இரட்டிப்பாக்க அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் துளி நுண்மையாகி, காற்றில் மிதந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும். ஆகவே அழுத்த உணரியும் கூடவே வேண்டும்.

நொடிக்கொரு முறை இடம், நேரம், ஓட்டம், அழுத்தம் ஆகிய நான்கும் நினைவட்டையில் ஒரு வரியாக விழுகின்றன. வேலை முடிந்ததும் அந்த வரிகளை வயலின் எல்லைக்குள் நிறங்களாக விரித்தால் வரைபடம் தயார். வயலோரத்தில் வண்டி திரும்பிய இடங்களில் இரட்டைப் பூச்சு, அடைத்துக்கொண்ட முனை விட்டுப்போன நீளக் கோடு, தொட்டி காலியான மூலை என எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். வயலை வரைபடமாகப் பார்க்கும் யோசனை பழையது. 1929-இலேயே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் லின்ஸ்லி, பாவர் இருவரும், வயலின் பல இடங்களில் மண் எடுத்து அமிலத்தன்மையை வரைந்து, தேவையான இடத்தில் மட்டும் சுண்ணாம்பு இடுங்கள் என்று உழவர்களுக்கு எழுதினார்கள். பெரிய டிராக்டர்கள் வந்ததும் அந்த யோசனை ஓரங்கட்டப்பட்டது; கையால் பிரித்து இடும் பொறுமைக்கு இடமில்லாமல் போயிற்று. 2000 மே 2-இல் அமெரிக்கா ஜி.பி.எஸ். குறிகைகளில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கியபோது அதை நடைமுறைப்படுத்துவது எளிதாயிற்று. இன்று சில நூறு ரூபாய்ச் சில்லு சில மீட்டர்த் துல்லியத்தில் இடம் சொல்கிறது. ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 64 மீட்டருக்கு 64 மீட்டர். வயலின் எந்தப் பகுதி என்று சொல்ல இது போதும், எந்தப் பாத்தி என்று சொல்லப் போதாது. தரை நிலையங்களின் திருத்தக் குறிகை சேர்ந்தால்தான் சென்டிமீட்டர் துல்லியம் வரும்.

கருவியும் பொய் சொல்லும் என்பதை மறைக்கக் கூடாது. நனையும் தூள் கலந்த கரைசல் உணரியின் சக்கரத்தில் படிந்தால் துடிப்பு குறையும். மருந்து குறைவாகப் போகிறது என்று நம்பிப் பெட்டி கூடுதலாகத் திறந்துவிடும். அதனால் பருவத்துக்கு ஒரு முறையாவது முனைக்குக் கீழே அளவு ஜாடியைப் பிடித்து, ஒரு நிமிடம் விட்டு, உணரி சொன்னதையும் ஜாடி காட்டியதையும் ஒப்பிட வேண்டும். புது முனையைவிடப் 10 விழுக்காடு கூடுதலாக ஊற்றும் முனையைத் தூக்கிப் போட வேண்டும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் உணரி வாங்குவது எளிது. இந்த ஒப்பீட்டை ஊரில் செய்துதரும் ஆள்தான் அரிது. இந்த முறையின் செலவு உண்மையில் அந்த ஆளுக்கான செலவு.

மறுப்புகளுக்கு விடை

ஆயிரம் ஏக்கர்ப் பண்ணைக்கு உருவானது முக்கால் ஹெக்டேருக்கு எதற்கு என்பது முதல் மறுப்பு. வயலை அலகாக வைத்துப் பார்த்தால் இது சரியான மறுப்பு. ஆனால் கருவி பொருத்தப்படுவது வயலில் அல்ல, இயந்திரத்தில். சிறு உழவர் இன்று உழவும் அறுவடையும் போலவே தெளிப்பையும் வாடகைக்கு எடுக்கத் தொடங்கிவிட்டார். வாடகை மையத்தின் தெளிப்பானோ ஓர் ஊரின் ட்ரோனோ பருவத்துக்கு நூற்றுக்கணக்கான ஏக்கரைப் பார்க்கிறது. அந்த இயந்திரத்துக்கு ஒரு பெட்டி என்றால் ஏக்கருக்கு வரும் செலவு அற்பம். 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு ட்ரோன் வழி மருந்து தெளிப்புக்கு நடைமுறை விதிகளை வெளியிட்டது. 2023 நவம்பரில் 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தரும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ட்ரோன் பறக்கும்போதே இடமும் உயரமும் வேகமும் அதன் உள்நினைவில் பதிகின்றன. பதிவு ஏற்கெனவே பிறந்துவிட்டது. அது உழவரின் கைக்கு வருவதில்லை என்பதுதான் குறை. சிறு நிலம் வரைபடத்துக்கு எதிரான காரணம் ஆகாது. சொல்லப்போனால், வயலுக்கு வயல் மண் மாறும் நாட்டில் இயந்திரம் வரப்பைத் தாண்டும்போதெல்லாம் அளவு மாற வேண்டும். அதை நினைவில் வைத்திருக்க மனிதரைவிடப் பெட்டிக்கு எளிது.

நம் வயல்களில் யூரியா கையால்தானே தூவப்படுகிறது, கைக்கு எப்படி உணரி மாட்டுவது என்பது இரண்டாவது மறுப்பு. இதிலுள்ள உண்மையை ஏற்க வேண்டும். அனுபவமுள்ள கை நடையும் வீச்சும் ஒத்து, வியக்கும்படி சீராகத் தூவும். அந்தக் கையை இயந்திரம் பழிக்கத் தேவையில்லை. கைக்குத் தெரியாதது மொத்த எடை. அங்கே ஒரு தொங்குதராசும், எல்லையைச் சுற்றி நடந்தால் பரப்பைச் சொல்லும் கைபேசியும் போதும். 33 கிலோவை நிறுத்து எடுத்துப் போனாலே பெரும்பிழை தீர்ந்துவிடும். மின்னணுப் பெட்டிக்கு முதல் இடம் சொட்டுநீர்ப் பாசனம். தமிழ்நாட்டில் சிறு, குறு உழவர்களுக்கு அது முழு மானியத்தில் கிடைக்கிறது. உரம் நீரில் கரைந்து குழாய் வழியே போவதால் அளப்பது எளிது. 2004 முதல் 2007 வரை தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 400 ஹெக்டேரில் நடத்திய துல்லியப் பண்ணையத் திட்டம், காய்கறி உழவர்கள் குழுவாகச் சேர்ந்து நீர்வழி உரமிடலைக் கற்று நடத்த முடியும் என்பதைக் காட்டியது. அன்று அந்தக் குழாய்களில் இல்லாதது, போன உரத்தைத் தானே எழுதிவைக்கும் உணரி. இன்று அது மலிவு.

அளப்பதால் மட்டும் உரம் குறைந்துவிடுமா என்பது மூன்றாவது மறுப்பு. குறையாது. இது முக்கியமான எச்சரிக்கை. காய்ச்சலை வெப்பமானி இறக்குவதில்லை. அது இல்லாமல் மருந்தின் பலனை அறியவும் முடிவதில்லை. மண் ஆய்வு, இலை வண்ண அட்டை, பயிர் ஆய்வு எல்லாம் எவ்வளவு இட வேண்டும் என்ற பாதியைச் சொல்கின்றன. எவ்வளவு இட்டோம் என்ற மறுபாதி இல்லாமல் அறிவுரை ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குக் கற்றுக்கொள்வதே இல்லை. ஒரே கிராமத்தில் நூறு வயல்களின் இடுபொருள் வரைபடமும் விளைச்சலும் மூன்று ஆண்டுகள் சேர்ந்தால், அந்த மண்ணுக்கான பரிந்துரையை அந்த மண்ணே எழுதித் தரும்.

நான்காவது மறுப்புதான் கனமானது: இது உழவரைக் கண்காணிக்கும் கருவி ஆகிவிடாதா? ஆகலாம். யார் எந்த மருந்தை எப்போது வாங்குவார் என்பதை முன்கூட்டியே அறிய நிறுவனங்கள் ஆசைப்படும். கூடுதலாக இட்டவருக்கு மானியத்தை வெட்டலாம் என்று அரசு நினைக்கலாம். காவிரி டெல்டாவில் எழுத்தில்லாத குத்தகைக்கு உழுபவர் பெயரில் புல எண்ணோடு பதிவு உண்டானால், பிற்காலத்தில் உரிமை கோருவாரோ என்று அஞ்சி நில உடைமையாளர் அவரை வெளியேற்றவும் கூடும். இந்த அச்சங்களைத் தள்ளிவிட்டுக் கருவியை நுழைத்தால் உழவர்கள் அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அதில் நியாயமும் இருக்கும். ஆனால் பதிவே இல்லாத நிலை எளியவரைக் காக்கிறது என்பதும் உண்மையல்ல. கேரளத்தின் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000-ஆம் ஆண்டு வரை வானிலிருந்து எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்து தெளிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2011-இல் நாடு முழுதும் அதற்குத் தடை விதித்தது. எந்த நாளில், எந்தக் காற்றில், எந்த எல்லை வரை எவ்வளவு விழுந்தது என்று பொதுவில் திறந்த வரைபடம் இருந்திருந்தால், அங்குள்ள குடும்பங்கள் தங்கள் நோயைத் தாங்களே நிரூபிக்கப் போராடிய ஆண்டுகள் குறைந்திருக்கும். கலிஃபோர்னியாவில் 1990 முதல் வேளாண் பூச்சிமருந்துப் பயன்பாடு முழுவதையும் இடத்தோடும் நாளோடும் அறிவிப்பது கட்டாயம். மருந்துக்கும் அருகில் வாழ்வோர் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்வோர் அந்தப் பதிவுகளைத்தான் இன்றும் எடுத்து ஆள்கிறார்கள். மருந்துத் தெளிப்பானைச் சுமக்கும் கூலித் தொழிலாளிக்கும், வயலோரப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பதிவு ஒரு பாதுகாப்பு.

ஆகவே தீர்வு பதிவின் உரிமையில் இருக்கிறது. வயல் அளவிலான வரைபடம் பயிரிடுபவருக்குச் சொந்தம். அவர் கைபேசியில், அவர் மொழியில், அவர் அனுமதியின்றி யாரும் எடுக்க முடியாதபடி. அரசுக்கும் ஆய்வாளருக்கும் பெயரும் புல எண்ணும் நீக்கிய கிராமத் தொகுப்பு போதும். பூச்சிமருந்து மட்டும் விலக்கு. அது பக்கத்து வீட்டுக் காற்றில் கலப்பதால் எந்த மருந்து, எந்த நாள் என்பது ஊருக்குத் தெரிந்தாக வேண்டும். மானியத்தில் வாங்கும் ட்ரோனும் விசைத்தெளிப்பானும் சொட்டுநீர் உரத்தொட்டியும் பதிவுக் கருவியோடுதான் விற்கப்பட வேண்டும் என்றும், அந்தப் பதிவை எந்த நிறுவனத்தின் பூட்டும் இல்லாத வடிவில் உழவருக்குத் தர வேண்டும் என்றும் அரசு இரண்டு விதிகள் எழுதினால் தொடக்கத்துக்குப் போதும். அளவியைச் சரிபார்க்கும் திறமைக்கும் பஞ்சமில்லை. வாகன உற்பத்தி சார்ந்த எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளையும் அவற்றைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளையும் நம்பி வாழும் இளைஞர்கள் உணரியையும் வால்வையும் அறிந்தவர்கள். வட்டாரத்துக்கு ஒரு சரிபார்ப்பு நிலையம் என்றால் அவர்களில் பலருக்கு அது நிலையான தொழில். உர ஆலைக்கு வாயிலில் எடைமேடை வைப்பது செலவு என்று யாரும் சொல்வதில்லை. அந்த உரத்தைக் கடன்பட்டு வாங்கும் உழவருக்கும் தன் வயலில் விழுந்ததன் கணக்கு கையில் இருக்க வேண்டும்.